கோத்தகிரிக் குளிரில் ஒரு டென்ஸ் கருவி: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் எழுதும் மதிப்புரை

நாட்பட்ட வலிக்கு வீட்டிலேயே வைத்துப் பயன்படுத்தும், தோலில் ஒட்டிய பட்டைகள் வழியே மெல்லிய மின்துடிப்பு செலுத்தும் டென்ஸ் கருவியை வாங்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் இந்த எட்டு மாதத்தில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். கேட்டவர்களில் பாதிப்பேர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துத் தோளும் இடுப்பும் தேய்ந்தவர்கள். மீதிப்பேர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. முப்பத்தோரு ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் என்பதால், கருவி நன்றாக இருக்கிறது அல்லது இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அது வேலை செய்யும் இடம் தோல் அல்ல, தண்டுவடம். அங்கே நடப்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கருவியை மதிப்பிடவே முடியாது என்பது என் எண்ணம்.

நான் வாங்கியது இரண்டு சானல்களும் நான்கு ஒட்டுப்பட்டைகளும் கொண்ட, சட்டைப் பையில் அடங்கும் அளவுள்ள கருவி. ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றில் இயங்குகிறது. விலை 2,350 ரூபாய். அதிர்வெண்ணை 2 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையிலும், துடிப்பின் அகலத்தை 50 முதல் 250 மைக்ரோவினாடி வரையிலும் மாற்றலாம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே எழுதியிருக்கும் குறைகளில் சில விற்றவர்களுடையவை, சில இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. பெயரைப் போட்டு ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது முறையல்ல.

என் வலியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஐப்பசி மழையில் வலப்பக்க விலாவில், முதுகெலும்பிலிருந்து மார்பு நோக்கி ஒரு பட்டை போல, அக்கி கண்டது. சமவெளியிலிருந்து தொலைபேசியில் பேசிய என் அத்தை, குயவர் வீட்டுக்குப் போய் காவி மண்ணால் அக்கி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நான் எழுதிக்கொள்ளவும் இல்லை, உடனே மருத்துவரிடம் போகவும் இல்லை; ஐந்தாம் நாள்தான் போனேன். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்குவதே நல்லது என்று அப்போதுதான் தெரிந்தது. இளவயதில் சின்னம்மை போட்டபோது உடலுக்குள் புகுந்து, தண்டுவடத்தின் பின்வேர் நரம்பு முடிச்சுகளில் ஆண்டுக்கணக்காக உறங்கிக் கிடக்கும் வைரஸ்தான் அக்கியாக எழுகிறது. கொப்புளங்கள் மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்தன. வலி உதிரவில்லை.

அந்த வலியின் விசித்திரம் இதுதான்: அந்தப் பட்டையின் மேல் விரலால் நன்றாக அழுத்தினால் தாங்க முடிந்தது, பனியன் துணி உரசினால் தாங்க முடியவில்லை. மார்கழியில் கோத்தகிரியில் கம்பளிச் சட்டை இல்லாமல் யாரும் வாசலுக்கு வருவதில்லை. நானோ வலக்கையைச் சட்டைக்குள் நுழைப்பதற்கு முன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். கம்பளியின் மயிர் ஒன்று தோலில் படும்போது தீக்குச்சியை உரசி வைத்தது போல இருக்கும். கடைசியில் என் மனைவி பழைய பட்டுத்துணியை உள்பக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அது ஓரளவு உதவியது.

தொடுதல் வலியாக மாறுவது எப்படி? கருவியின் கையேடு இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் கருவியின் பயனும் பயனின்மையும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன.

தோலிலிருந்து வரும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் பின்கொம்பு என்னும் பகுதியில் நுழைகின்றன. தொடுதலைக் கொண்டுவரும் இழைகள் தடித்தவை, வேகமானவை. வலியைக் கொண்டுவருபவை மெலிந்தவை. தொடுதலின் பாதைக்கும் வலியின் பாதைக்கும் இடையே பின்கொம்பில் இணைப்புகள் இயல்பாகவே உள்ளன. நம் எல்லோரிடமும் உள்ளன. அப்படியிருந்தும் சட்டை உரசினால் நமக்கு வலிப்பதில்லை என்றால், அந்த இணைப்பை யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பூட்டி வைப்பவை பின்கொம்பிலேயே இருக்கும் சிறு தடுப்பு நரம்புச் செல்கள். அவை சுரக்கும் வேதிப்பொருள்கள் இரண்டு: ஒன்று கிளைசின், புரதங்களில் உள்ள அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது, மற்றொன்று காபா. இவற்றைப் பிடித்துக்கொள்ளச் செல்லின் மேல் இருக்கும் புரதங்களே ஏற்பிகள். கிளைசின் ஏற்பியும், காபா ஏற்பிகளில் ஏ வகையும், ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி நடுவில் ஒரு துளையை விட்டு நிற்பவை. வேதிப்பொருள் வந்து ஒட்டினால் துளை திறக்கும். குளோரைடு அயனிகள் செல்லுக்குள் பாயும். அந்தச் செல் எளிதில் கிளர்ந்தெழாது. தடுப்பு ஏற்பி என்று இவற்றைச் சொல்வது இதனால்தான்.

இந்தப் பூட்டு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மொழியில் ஒரு பழைய சாட்சி உண்டு. எட்டி பழுத்தென்ன என்று கேட்கும் பழமொழியை அறியாத தமிழர் இல்லை. எட்டிக்கொட்டையின் நஞ்சான ஸ்ட்ரிக்னினை 1818 இல் பிரெஞ்சு வேதியியலர்களான பெல்லெத்தியேயும் கவந்துவும் பிரித்தெடுத்தார்கள். அது உடலில் செய்யும் வேலை கிளைசின் ஏற்பியை அடைப்பதுதான். எட்டி நஞ்சு உண்டவருக்குச் சிறு ஓசை கேட்டாலும், யாராவது தொட்டாலும் உடல் முழுதும் வலிப்பு கண்டு வில்லாக வளைவது ஏன் என்று வகுப்பில் மாணவர்கள் கேட்கும்போது, தடை நீங்கிவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். டெட்டனஸ் என்னும் ரணஜன்னியும் அதே குடும்பத்துக் கதைதான்: அங்கே ஏற்பி நன்றாகவே இருக்கிறது, ஆனால் கிருமியின் நஞ்சு தண்டுவடம் வரை ஏறிப்போய் கிளைசினும் காபாவும் சுரப்பதையே நிறுத்திவிடுகிறது. குன்னூரில் 1907 முதல் இருக்கும் பாஸ்டர் நிறுவனம் தயாரித்த முத்தடுப்பூசியில் ஒரு பங்கு இந்த ரணஜன்னிக்கு எதிரானது. மலையேறும் வழியில் அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

வலி ஆராய்ச்சிக்கு இதன் தொடர்பை 1989 இல் அமெரிக்க ஆய்வாளர் டோனி யாக்ஷ் தெளிவாகக் காட்டினார். எலிகளின் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் மிகக் குறைந்த அளவு ஸ்ட்ரிக்னினைச் செலுத்தியதும், மயிரை மெல்ல வருடினாலே அவை வலியால் துடிப்பது போல நடந்துகொண்டன. தோலில் காயம் இல்லை, வீக்கம் இல்லை. தண்டுவடத்தில் தடுப்பு ஏற்பி அடைபட்டது ஒன்றே மாற்றம். இதைப் படித்தபோது என் கம்பளிச் சட்டைதான் கண்முன் நின்றது.

இனி கருவிக்கு வருகிறேன். இதன் வேர் 1965 இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் ஆகிய இருவரும் முன்வைத்த வாயில் கோட்பாட்டில் இருக்கிறது. தடித்த இழைகள் வழியே தொடுதல் செய்தி வந்தால், தண்டுவடத்தில் உள்ள தடுப்புச் செல்கள் கிளர்ந்து, மெலிந்த இழைகள் கொண்டுவரும் வலிச் செய்திக்கு வாயிலைச் சாத்துகின்றன என்பது அதன் சாரம். அவர்கள் வரைந்த இணைப்புப் படத்தின் நுணுக்கங்கள் பின்னர் பல இடங்களில் திருத்தப்பட்டன. வாயில் இருக்கிறது என்ற கருத்து நின்றது. அடிபட்ட இடத்தைக் கை தானாகத் தேய்ப்பதும், பாட்டி நீலகிரித் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிடுவதும் இதே வாயிலைச் சாத்தும் வேலைதான். தைலத்துக்கு என்று தனி வேதிக் குணம் உண்டு என்றாலும், தேய்க்கும் கைக்கு உரிய பங்கை நாம் தைலத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். மின்சாரத்தால் அதே வேலையைச் செய்விக்க முடியுமா என்று 1967 இல் வாலும் வில்லியம் ஸ்வீட்டும் சோதித்தார்கள். கடும் நாட்பட்ட வலி உள்ள எட்டு நோயாளிகளின் நரம்புகளுக்கு வினாடிக்கு 100 துடிப்பு, ஒவ்வொன்றும் 0.1 மில்லிவினாடி என்ற அளவில் இரண்டு நிமிடம் மின்சாரம் செலுத்தினார்கள். செலுத்தும்போது, முன்பு தொட்டாலே வலித்த இடங்களை அழுத்தியும் வலிக்கவில்லை. புற நரம்பு நோய் இருந்த நான்கு பேருக்கு, நிறுத்திய பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் வலி தணிந்திருந்தது.

இந்த அரை மணி நேரக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கருவியில் 100 ஹெர்ட்ஸ், 100 மைக்ரோவினாடி என்று வைத்தால் அன்றைய அளவேதான். ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கு முந்தைய அந்த விடையும் என் வீட்டில் கிடைத்த விடையும் பெரிதாக வேறுபடவில்லை.

பெட்டியைப் பிரித்த முதல் நாள் நான் செய்தது முழுத் தவறு. கையேடு ஆங்கிலத்தில் மட்டும், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இருந்தது. வலிக்கும் இடத்தில் பட்டையை ஒட்டுக என்று ஒரு படம் போட்டிருந்தது. நானும் விலாவில், நெருப்பு எரியும் அதே பட்டையின் மேல், இரண்டையும் ஒட்டிக்கொண்டு விசையைத் திருப்பினேன். அடுத்த நொடி கருவியைக் கட்டிலில் எறிந்துவிட்டு எழுந்து நின்றேன். குன்னூரில் நான் பார்க்கும் இயன்முறை மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். “சார், தொட்டாலே வலிக்கிற இடத்துல ஒட்டவே கூடாது. அங்க பூட்டு ஏற்கெனவே கழன்டு கிடக்கு. பக்கத்துல நல்லா இருக்கிற தோல்ல, முதுகெலும்புக்கு ஓரமா, அதே மட்டத்துல ஒட்டுங்க. மார்புக்கு முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணுன்னு போடாதீங்க, மின்சாரம் நெஞ்சுக்குள்ள குறுக்கே போகக் கூடாது” என்றார். என் மகள் வயதுதான் அவருக்கு. அன்று அவர்தான் ஆசிரியர்.

அவர் சொன்னதில் உள்ள நியாயம் எளிமையானது. வாயிலைச் சாத்துவதற்குக் கருவி அனுப்பும் ஆள்கள் தொடுதல் இழைகள்தான். தடுப்பு குலைந்த இடத்தில் அதே இழைகள் வலிப் பாதைக்குள் நுழைந்துவிடுகின்றன. எனவே உணர்ச்சி ஒழுங்காக இருக்கும் பக்கத்துத் தோலிலிருந்து, அதே தண்டுவட மட்டத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டும். கையேட்டின் படம் இடுப்புப் பிடிப்புக்குச் சரியாக இருக்கலாம். அக்கி வலிக்காரர்களுக்கு அது கெடுதல். இந்த ஒரு குறைக்காகவே நான் கையேட்டுக்குச் சுழியம் மதிப்பெண் கொடுப்பேன்.

சரியாக ஒட்டக் கற்ற பிறகு, தை மாதம் முதல் ஒவ்வொரு நாளும் குறிப்பெடுத்தேன். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில், கருவி போடுவதற்கு முன், போடும்போது, போட்ட பின் என்று மூன்று எண்கள். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. முதல் பத்து நாள்களில் பெரும்பாலும் 7 என்பது போடும்போது 4 ஆனது; அணைத்த பின் முக்கால் மணி நேரம் வரை 5 இல் நின்று, பிறகு பழைய இடத்துக்கே திரும்பியது. முக்கால் மணி நேரம் என்றால் ஏளனமாகத் தோன்றும். கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, பால் வாங்கி வந்து, செய்தித்தாள் படித்து முடிக்க அது போதும் என்பதை வலி கண்டவர்கள் அறிவார்கள்.

மின்னளவு பற்றி ஒரு சொல். துடிப்பு தெரிகிறதா இல்லையா என்ற அளவில் மெல்ல வைத்தால் பயன் ஏதும் இல்லை. வலிக்காமல், ஆனால் நன்றாகத் தெரியும்படி, தாங்கக்கூடிய அளவின் மேல் விளிம்பில் வைக்க வேண்டும். சில நிமிடங்களில் தோல் பழகிவிடும், அப்போது சற்றுக் கூட்ட வேண்டும். கூட்டுவதற்கான திருகு வட்டமானது, மிகவும் வழுக்கலானது. சட்டைப் பையில் கிடக்கும்போது தானாகத் திரும்பி இரண்டு முறை என்னைத் துள்ள வைத்தது. மூடி போட்ட திருகு உள்ள மாதிரியைத் தேடி வாங்குங்கள்.

இனி ஏற்பிகளின் இன்னொரு முகம். அமெரிக்க ஆய்வாளர் கேத்லீன் ஸ்லூகாவும் அவரது குழுவினரும் 1999 இல் எலிகளில் காட்டியது, உயர் அதிர்வெண்ணில் இந்த மின்தூண்டல் தண்டுவடத்தின் டெல்டா ஓபியாய்டு ஏற்பிகள் வழியாகவும், தாழ் அதிர்வெண்ணில் மியூ ஓபியாய்டு ஏற்பிகள் வழியாகவும் வேலை செய்கிறது என்பதாகும். மார்பின் போய் ஒட்டுவதும் அந்த மியூ வகையில்தான். இவையும் தடுப்பு ஏற்பிகளே. 2007 இல் வந்த அவர்களது மற்றோர் ஆய்வில், உயர் அதிர்வெண் தூண்டல் தண்டுவடத்தில் காபாவின் அளவைக் கூட்டியது. காபா ஏற்பியை மருந்தால் அடைத்தபோது தூண்டலின் பயன் மங்கியது. ஆக, கருவி வெளியிலிருந்து எந்த மருந்தையும் கொண்டுவரவில்லை. நம் தண்டுவடம் வைத்திருக்கும் தடையையே கடனாக எடுத்துப் பயன்படுத்துகிறது.

கடன் என்றால் எல்லை உண்டு. தினமும் ஒரே அதிர்வெண்ணில் ஒரே அளவில் போட்டுக்கொண்டிருந்தால் ஐந்தாம் நாளளவில் பயன் தேய்ந்துவிடுகிறது என்பதை எலிகளிலும் பிறகு ஆரோக்கியமான மனிதர்களிலும் கண்டிருக்கிறார்கள். ஓபியாய்டு ஏற்பிகளில் உண்டாகும் பழக்கமே காரணம். என் காலண்டர் தாள்களிலும் இரண்டாம் வார முடிவில் 4 என்பது 5 ஆகவும், பிறகு 6 ஆகவும் ஏறியது தெரிந்தது. இயன்முறை மருத்துவரின் யோசனைப்படி உயர், தாழ் அதிர்வெண்களை மாறி மாறித் தரும் முறைக்குக் கருவியை மாற்றி, வாரத்தில் இரண்டு நாள் ஓய்வும் கொடுத்தேன். எண்கள் மீண்டும் இறங்கின. இந்த மாறி மாறித் தரும் வசதி இல்லாத, ஒரே விசையுள்ள மலிவுக் கருவிகளைத் தவிர்ப்பது நல்லது.

மலைக்காரர்களுக்கென்றே ஒரு செய்தி இருக்கிறது. ஒரு நாள் அந்த இயன்முறை மருத்துவர், “சார், கருவி போடுறதுக்கு முன்னால டீ குடிப்பீங்களா?” என்று கேட்டார். நீலகிரியில் இருந்துகொண்டு இது என்ன கேள்வி என்று நினைத்தேன். நாளுக்கு ஆறு டம்ளர் குடிப்பவன் நான், அதிலும் விடிந்ததும் இரண்டு. காரணம் பிறகு புரிந்தது. கனடாவில் செர்ஜ் மர்ஷானும் உடன் ஆய்ந்தவர்களும் 1995 இல் வெளியிட்ட சோதனையில், 200 மில்லிகிராம் கஃபீன் எடுத்துக்கொண்டவர்களிடம் டென்ஸ் கருவியின் வலிதணிக்கும் பயன் மறைந்துபோயிற்று. வெற்று மாத்திரை எடுத்தவர்களிடம் பயன் இருந்தது. கஃபீன் அடைப்பது அடினோசின் ஏற்பிகளை. தண்டுவடத்தில் அவையும் வலிச் செய்தியை அமர்த்தும் தடுப்பு ஏற்பிகளின் வரிசையில் நிற்பவை. அந்த 200 மில்லிகிராம் என்பது நம் கடுந்தேநீரில் நாலைந்து டம்ளர் அளவு. நான் இரண்டு வாரம் தேநீர் குடித்துவிட்டும், இரண்டு வாரம் கருவியை முடித்த பிறகே குடித்தும் குறிப்பெடுத்தேன். பின்னதில் எண்கள் சராசரியாக ஒன்று குறைந்திருந்தன. ஒருவனைக் கொண்டு செய்த, எந்த வாரம் எது என்பது எனக்கே தெரிந்திருந்த சோதனை இது. ஆதாரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செலவில்லாத மாற்றம் என்பதால் செய்து பார்க்கலாம்.

கருவி ஏன் எல்லோருக்கும் ஒரே மாதிரி உதவுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். தடுப்பு ஏற்பி திறந்தால் குளோரைடு உள்ளே பாயும் என்று மேலே எழுதினேன். அப்படிப் பாய வேண்டுமானால் செல்லுக்குள் குளோரைடு குறைவாக இருக்க வேண்டும். உள்ளே சேர்வதை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கும் கேசிசி2 என்ற புரதம் அதைப் பார்த்துக்கொள்கிறது. 2003 இல் கனடா ஆய்வாளர் ஈவ் தெ கொனின்க் குழுவினர் எலிகளில் கண்டது, புற நரம்பு சேதமுற்ற பிறகு பின்கொம்பின் மேலடுக்குச் செல்களில் இந்தப் புரதம் குறைந்து, குளோரைடு உள்ளே தேங்கிவிடுகிறது என்பது. கிணற்றில் நீர் மட்டம் உயர்ந்துவிட்டால் மேலிருந்து எப்படிக் கொட்டும்? ஏற்பி திறந்தாலும் தடை உண்டாவதில்லை. சில செல்களில் அது கிளர்ச்சியாகவே மாறிவிடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், தண்டுவடத்தின் காவல் செல்களான நுண்கிளியா சுரக்கும் பிடிஎன்எஃப் என்ற புரதம் இந்த மாற்றத்தைத் தூண்டுவதையும் அதே குழுவினர் காட்டினார்கள். பிரேக்கை மிதிக்கிறோம், வண்டி வேகம் எடுக்கிறது என்ற நிலை. இத்தகைய தண்டுவடத்தில் கருவி எவ்வளவு தூண்டினாலும் முழுப் பயன் வராது. என் எண்கள் 4 க்குக் கீழே பல வாரங்கள் இறங்காமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

வீக்கத்தால் வரும் வலியில் கதை வேறு. அங்கே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற பொருள், கிளைசின் ஏற்பியின் ஆல்பா 3 என்ற வகையைச் செயலிழக்கச் செய்கிறது என்று 2004 இல் கண்டறியப்பட்டது. மூட்டு வீங்கியவருக்கு டைக்ளோஃபெனாக் கேட்பதும் எனக்குக் கேட்காததும் இதனோடு ஓரளவு பொருந்திப்போகிறது. அந்த மாத்திரை தடுப்பது புரோஸ்டாகிளாண்டினை, என் வலியோ சேதமுற்ற நரம்பினுடையது. எனக்கு எழுதித் தந்தது கபாபென்டின். பெயரில் காபா இருப்பதால் காபா ஏற்பியில்தான் வேலை செய்கிறது என்று நானும் நம்பியிருந்தேன். அது கால்சியம் வாயில்களின் ஒரு துணைப் பகுதியில் ஒட்டுகிறதே தவிர காபா ஏற்பியைத் தொடுவதே இல்லை. கருவி வந்த பிறகு மாத்திரையை நிறுத்தவில்லை. மருத்துவர் மெல்ல மெல்ல அளவைக் குறைத்தார். யாரும் கருவியை நம்பித் தாமாக மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

இப்போது பொருளாகக் கருவியின் தரம். உடல் உறுதியானது, கட்டிலில் எறிந்தும் உடையவில்லை. மின்வெட்டு நாள்களில் பேட்டரிக் கருவியாக இருப்பது பெரிய வசதி. நாள்தோறும் அரை மணி நேரம் போட்டால் பேட்டரி மூன்று வாரம் தாங்குகிறது. ஒட்டுப்பட்டைகள்தான் இதன் பலவீனம். 5 சென்டிமீட்டர் சதுரமான அந்தப் பசைப்பட்டைகள் முப்பது நாற்பது முறை ஒட்டலாம் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. உறைபனிக் காலத்தில் பசை விறைத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் ஒட்டவில்லை, ஆடி மாத மூடுபனியிலோ ஈரம் குடித்துக் கொழகொழத்து ஓரங்கள் உருண்டன. விடியற்காலையில் அலமாரியிலிருந்து எடுத்த பட்டையை முதுகில் ஒட்டிய கணம், பனிக்கட்டியை வைத்தது போல உடல் சிலிர்க்கும். இப்போது இரவே பட்டையை அதன் பிளாஸ்டிக் தாளோடு ஒரு டப்பாவில் போட்டு, சமையலறையில் அடுப்புக்குச் சற்றுத் தள்ளி வைத்துவிடுகிறேன். ஒட்டுமுன் பசைப்பக்கத்தில் ஒரு சொட்டு நீரை விரலால் தடவினால் பழைய பட்டையும் இன்னும் நாலைந்து நாள் உழைக்கும். ஓரம் எழும்பிய பட்டையை மட்டும் பயன்படுத்த வேண்டாம். தொடும் பரப்பு குறைந்து ஒரே புள்ளியில் மின்சாரம் குவிந்து சுருக்கென்று குத்தும்.

முதுகில் தனியாக ஒட்டிக்கொள்ள முடியாது என்பதையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. என் மனைவி ஊருக்குப் போயிருந்த ஒரு வாரம் கருவி பெட்டியிலேயே கிடந்தது.

வாங்கிய கடையின் சேவை மோசம். இரண்டாம் மாதம் ஒரு கம்பியின் முனை தளர்ந்து மின்சாரம் விட்டுவிட்டு வந்தது. ஓராண்டு உத்தரவாதம் என்று எழுதித் தந்தவர்கள், கம்பி அதில் சேராது என்றார்கள். கருவியைக் கோவைக்கு அனுப்பிவைக்கச் சொன்னார்கள், அனுப்பும் செலவு என்னுடையது, திரும்பி வர ஐந்து வாரம். கம்பியை வெளியில் வாங்கியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த “வலிக்கு நிரந்தரத் தீர்வு” என்ற வாசகம் பச்சைப் பொய். ஆய்வு நிலவரம் அவ்வளவு சாதகமாக இல்லை: மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016 இல் இடுப்பு வலிக்கும், 2021 இல் வேறு நோய்க் காரணம் காட்ட முடியாத நாட்பட்ட வலிக்கும் டென்ஸ் தர வேண்டாம் என்றே வழிகாட்டியது. நாட்பட்ட வலியில் டென்ஸ் குறித்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் 2019 ஆம் ஆண்டு அறிக்கையும், சான்றுகளின் தரம் மிகக் குறைவு, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று முடித்தது. அந்த ஆய்வுகள் பலவற்றில் மின்னளவு போதிய அளவு வைக்கப்படவில்லை என்ற எதிர்வாதமும் ஆய்வாளர்களிடையே உண்டு. என் அனுபவத்தில் அந்த எதிர்வாதத்துக்கு வலு இருக்கிறது. ஆனால் அக்கி வலி பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லத் தானாகவும் தணியும் என்பதால், இன்று என் எண் 2 இல் நிற்பதற்கான முழுப் பெருமையையும் கருவிக்கு நான் தரத் தயாரில்லை. அந்தந்த நாளின் முக்கால் மணி நேரத்துக்கான பெருமையைத் தருவேன்.

இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. கழுத்தின் முன்புறத்தில் யாரும் ஒட்டக் கூடாது. மரத்துப்போன தோலில் ஒட்டினால் சூடு தெரியாமல் புண்ணாகும்; சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு இது முக்கியம். 50 வயதைத் தாண்டியவர்கள் இந்த மதிப்புரையைப் படிக்கும் கையோடு, 2023 முதல் நம் நாட்டிலும் கிடைக்கும் அக்கித் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். விலை அதிகம்தான், கருவியைப்போலச் சில மடங்கு, ஆனால் நான் பட்ட மார்கழியை வைத்துப் பார்த்தால் மலிவு.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். பக்கத்தில் இயன்முறை மருத்துவர் இருந்தால், முதலில் அவரிடம் நாலைந்து முறை போட்டுப் பார்த்து, வலி எண் இரண்டு அளவாவது இறங்கினால் மட்டும் வாங்குங்கள்; கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவருக்கு நான் அப்படித்தான் சொன்னேன், அவருக்கு இறங்கவில்லை, 2,350 ரூபாய் மிஞ்சியது. வாங்குவதானால் மாறி மாறித் தரும் அதிர்வெண் முறையும் மூடியுள்ள திருகும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கம்பியின் முனை 2 மில்லிமீட்டர் ஊசியாக இருப்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த அளவுக்குப் பொருந்தும் பட்டைகளும் கம்பிகளும் ஊட்டியிலும் மேட்டுப்பாளையத்திலும் மருத்துவப் பொருள் கடைகளில் தனியாகக் கிடைக்கின்றன, கருவியை விற்ற கடையை மறுபடி அழைக்க வேண்டியிருக்காது.